மிக மெல்லிய நானோ படலங்களில் ஒளியை வீணாக்காமல் உறிஞ்சுவிப்பது எப்படி?

கொழும்பில் காலி வீதியோரத் தொடர்மாடிக் கூரைகளில் இன்று பரவலாகக் காணப்படும் சூரியப் பலகைகளுக்குள் இருப்பவை, ஏறத்தாழ 150 முதல் 180 மைக்கிரோமீற்றர் வரை தடிப்புள்ள சிலிக்கன் தகடுகள். உடையாமல் கையாள வேண்டும் என்பது அத்தடிப்புக்கு ஒரு காரணம்; சிலிக்கன் ஒளியை உறிஞ்சுவதில் காட்டும் மந்தம் மற்றொரு காரணம். 500 நானோமீற்றர் அலைநீளமுள்ள பச்சை ஒளி சிலிக்கனுக்குள் ஏறத்தாழ ஒரு மைக்கிரோமீற்றர் செல்வதற்குள் 37 சதவீதமாகத் தேய்ந்துவிடுகிறது. 800 நானோமீற்றரில் அதே அளவு தேய்வதற்கு ஏறத்தாழ 12 மைக்கிரோமீற்றரும், 1000 நானோமீற்றரில் 150 மைக்கிரோமீற்றருக்கு மேலும் தேவைப்படுகின்றன. இந்தத் தூரத்தையே உறிஞ்சல் ஆழம் என்கிறோம்.

படலத்தை மெலிதாக்கினால் பொருள் மிச்சமாகும், பாரம் குறையும், வளையும் தாளின்மீதும் பூசலாம். ஆயினும் மெலிதாக்குவதற்கான வலுவான காரணம் இவை அல்ல என்பது என் கருத்து. ஒளி உறிஞ்சப்பட்ட இடத்தில் பிறக்கும் இலத்திரனும், அது விட்டுச்சென்ற நேர்மின் வெற்றிடமான துளையும், மீண்டும் ஒன்றுசேர்ந்து அழியுமுன் மின்வாயை எட்ட வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பொருள்கள் பலவற்றில் அவை சில பத்து நானோமீற்றர் தூரம்கூட நம்பிக்கையோடு பயணிப்பதில்லை. ஆகவே ஒளிக்கு நீண்ட பாதையும் மின்னேற்றத்துக்குக் குறுகிய பாதையும் ஒரே படலத்துக்குள் அமைய வேண்டும். பௌதிகவியலிலோ இரசாயனவியலிலோ இறுதியாண்டு ஆய்வுச் செயற்றிட்டத்தைத் தொடங்கும் மாணவரும், அவருக்கு வழிகாட்டும் ஆசிரியரும் இந்த முரண்பாட்டை எப்படித் தீர்க்கலாம் என்பதை, எளிய வசதிகளுடன் செய்யக்கூடிய வகையில், இங்கு விளக்க முயல்கிறேன்.

எந்த ஒளி, எந்தப் படை, எவ்வளவு தூரம்

கருவியைத் தொடுவதற்கு முன் மூன்று விடயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உறிஞ்ச வேண்டிய அலைநீள வீச்சு முதலாவது. அந்த ஒளி எந்தப் படையில் உறிஞ்சப்பட்டால் பயன் உண்டு என்பது இரண்டாவது. அப்படையில் மின்னேற்றம் பயணிக்கக்கூடிய தூரம் மூன்றாவது. இவற்றை எழுதாமல் தொடங்குபவர்கள், கறுப்பாகத் தெரியும் மாதிரியொன்றைச் செய்துவிட்டு அதிலிருந்து மின்னோட்டம் வராதது ஏன் என்று பின்னர் தேடவேண்டி வருகிறது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதற்கு ஒளி எங்கேயாவது மறைந்தால் போதும். உலோகத்துக்குள் மறைந்த ஒளி வெறும் வெப்பமாகிவிடும்.

இரும்பு ஒட்சைட்டை எடுத்துக்கொள்வோம். துருவின் உறவினரான இப்பொருள் மலிவானது, நஞ்சற்றது, நீரில் நிலைத்து நிற்பது. ஏறத்தாழ 590 நானோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளியை உறிஞ்சி, நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்க உதவக்கூடியது. ஆனால் 550 நானோமீற்றர் ஒளிக்கு இதன் உறிஞ்சல் ஆழம் ஏறத்தாழ 120 நானோமீற்றர்; அதற்குள் பிறக்கும் துளைகளோ சில நானோமீற்றர் முதல் அதிகம் போனால் 20 நானோமீற்றர் வரையே செல்லும். பத்தில் ஒன்பது பங்கு ஒளியை ஒரே கடவையில் உறிஞ்ச 270 நானோமீற்றர் தடிப்பு வேண்டும். அப்படிப் பூசினால் பிறந்த துளைகளில் பெரும்பகுதி மேற்பரப்பை எட்டாமலே அழியும். இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்த்தாலே, தடிப்பைக் கூட்டுவது தீர்வாகாது என்பது தெளிவாகிவிடும்.

தனித்து நிற்கும் படலத்தின் எல்லை

அலைநீளத்தைவிட மிக மெல்லிய, சீரான படலமொன்று இருபுறமும் வளியால் சூழப்பட்டிருக்கும்போது, ஒரு புறமிருந்து வரும் ஒளியில் அது ஆகக் கூடியது 50 சதவீதத்தையே உறிஞ்சும். உறிஞ்சும் வலுவைக் கூட்டக் கூட்ட உறிஞ்சல் கூடிக்கொண்டே போகும் என்று எண்ணுவது இயல்பு; உண்மை அப்படியில்லை. படலத்தின் கடத்துதிறன் மிகக் குறைவாக இருந்தால் ஒளி ஊடுகடந்து போய்விடும். மிக அதிகமாக இருந்தால் படலம் ஆடிபோல் தெறிக்கச் செய்துவிடும். ஒரு சதுரத்துக்கு (சதுர வடிவத் துண்டொன்றின் எதிர் விளிம்புகளுக்கிடையே) ஏறத்தாழ 188 ஓம் தடையுள்ள படலமே இடைநிலையில் நின்று அந்த 50 சதவீதத்தை எட்டுகிறது. மிகுதியில் 25 சதவீதம் தெறிக்கிறது, 25 சதவீதம் ஊடுகடக்கிறது. 188 என்பது வெற்றிடத்தின் அலைத்தடையான 377 ஓமின் பாதி.

காபனின் ஒற்றை அணுப்படையான கிராபீன் இந்த அளவுகோலில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது கட்புல ஒளியில் ஏறத்தாழ 2.3 சதவீதத்தை உறிஞ்சுகிறது என்பது 2008 இல் அளந்து காட்டப்பட்டது. ஒரேயொரு அணுப்படைக்கு இது வியப்பூட்டும் அளவு. ஆனால் ஒரு கருவிக்குப் போதாது. போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் தூய காரீயத்திலிருந்து (கிராபைற்று) கிராபீன் தயாரிக்க விரும்பும் நம் மாணவர்கள் பலர். அவர்களிடம் நான் முதலில் சொல்வது, பொருளின் தரத்தோடு அதைச் சுற்றியுள்ள ஒளியியல் அமைப்பையும் அதே அக்கறையுடன் வடிவமையுங்கள் என்பதே.

பின்னால் ஓர் ஆடியை வைப்பது

எல்லையைக் கடப்பதற்கான மிக எளிய வழி, ஊடுகடக்கும் வாயிலை அடைத்துவிடுவது. உறிஞ்சும் மெல்லிய படலத்துக்குப் பின்னால், அலைநீளத்தின் காற்பங்கு இடைவெளியில் உலோக ஆடியை வைத்தால், போகும் அலையும் திரும்பும் அலையும் படலம் இருக்குமிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. மின்புலம் இரட்டிப்பாகிறது, ஒளிச்செறிவு நான்கு மடங்காகிறது. சோல்ஸ்பரித் திரை எனப்படும் இவ்வமைப்பில், சதுரத்துக்கு 377 ஓம் தடையுள்ள படலம் குறித்த அலைநீளத்தில் முழு ஒளியையும் உறிஞ்சிவிடும். மேலே சொன்ன கிராபீனை இப்படி வைத்தால் 2.3 சதவீதம் ஏறத்தாழ 9 சதவீதமாக உயர்கிறது. 550 நானோமீற்றருக்கு இடைவெளியைச் சிலிக்காவால் நிரப்புவதாயின், அதன் முறிவுச் சுட்டி (வெற்றிடத்தைவிட ஒளி அதில் எத்தனை மடங்கு மெதுவாகச் செல்கிறது என்ற எண்) 1.46 ஆகையால், தடிப்பு 94 நானோமீற்றர்.

இடைவெளியே இல்லாமல், உலோகத்தின் மீது நேரடியாக உறிஞ்சும் படலத்தைப் பூசலாமா? இலட்சிய ஆடியாக இருந்தால் அதன் மேற்பரப்பில் மின்புலம் பூச்சியம். அங்கே வைக்கும் மெல்லிய படலத்துக்கு உறிஞ்ச எதுவும் கிடைக்காது. ஆனால் கட்புல ஒளிக்குப் பொன்னும் வெள்ளியும் இலட்சிய ஆடிகள் அல்ல. ஒளி அவற்றுக்குள் சிறிது நுழைந்தே திரும்புகிறது. மேலுள்ள படலமும் வலுவாக உறிஞ்சுவதாக இருக்கும்போது, எல்லைகளில் ஏற்படும் அவத்தை (அலையின் ஏற்ற இறக்க நிலை) மாற்றங்கள் வழமையான பெறுமானங்களிலிருந்து விலகுகின்றன. இதனால் காற்பங்கு அலைநீளத் தடிப்பை எட்டுவதற்கு வெகு முன்னரே தலையீட்டுப் பரிவு, அதாவது திரும்பத் திரும்பத் தெறிக்கும் அலைகள் ஒன்றோடொன்று இசையும் நிலை, தோன்றிவிடுகிறது. 2012 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபெடரிக்கோ கபாசோவின் குழுவினர் பொன்மீது 7 முதல் 25 நானோமீற்றர் வரையான ஜேர்மானியத்தைப் பூசி இதைக் காட்டினர். சில நானோமீற்றர் கூடுவதற்குள் பொன்னிறம் இளஞ்சிவப்பாகவும் ஊதாவாகவும் நீலமாகவும் மாறுவதை வெறுங்கண்ணாலேயே காணலாம். அதே காலத்தில் இஸ்ரேலின் டெக்னியன் நிறுவனத்தவர், உலோக ஆடிமீது 20 முதல் 30 நானோமீற்றர் தடிப்பில் இரும்பு ஒட்சைட்டைப் பூசி, முன்னர் சொன்ன முரண்பாட்டுக்கு நேரடியான விடையைத் தந்தனர்: துளை செல்லக்கூடிய தூரத்துக்குள்ளேயே ஒளியின் பெரும்பகுதி பிடிபட்டது.

இதை வடிவமைக்க எளிய கணிப்பு முறையே போதும். ஒவ்வொரு படைக்கும் இரண்டுக்கு இரண்டு தாயம் (எண்களின் சதுர அட்டவணை) ஒன்றை எழுதி, அவற்றை வரிசையாகப் பெருக்கும் இடமாற்றத் தாய முறையைப் பைத்தன் நிரல்மொழியில் சில பத்து வரிகளில் எழுதிவிடலாம், மடிக்கணினி போதுமானது. எழுதியதை நம்புவதற்கு முன் நான்கு சோதனைகளைச் செய்யுங்கள். வெறும் சிலிக்கன் 600 நானோமீற்றரில் ஏறத்தாழ 35 சதவீதம் தெறிக்க வேண்டும். அதன்மீது முறிவுச் சுட்டி 2 உடைய சிலிக்கன் நைத்திரைட்டை 75 நானோமீற்றர் தடிப்பில் சேர்த்ததும் அத்தெறிப்பு ஏறத்தாழ மறைய வேண்டும். வளியில் தனித்து நிற்கும் எந்த மெல்லிய படலத்துக்கும் உறிஞ்சல் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இறுதியாக, படைவாரியாகக் கணித்த உறிஞ்சல்களின் கூட்டுத்தொகை, தெறிப்பையும் ஊடுகடத்தலையும் ஒன்றிலிருந்து கழித்து வரும் பெறுமானத்துடன் ஒத்துப்போக வேண்டும். தெறிப்பும் ஊடுகடத்தலும் சேர்ந்து ஒன்றை மிஞ்சினால், சிக்கலெண் முறிவுச் சுட்டியில் உறிஞ்சலைக் குறிக்கும் கற்பனைப் பகுதிக்குத் தவறான குறி இடப்பட்டுள்ளது என்பது பெரும்பாலும் உறுதி. நேரத்தோடு மாறும் பகுதியை எந்தக் குறியுடன் எழுதினீர்கள் என்பதைத் திரும்பிப் பாருங்கள்.

படைவாரிக் கணிப்பை நான் வலியுறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆடிக்குள் வீணாகும் ஒளியை, ஆடியை மட்டும் தனியே அளந்து கழித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மேலே படலம் வந்ததும் ஆடியின் முகத்திலுள்ள மின்புலம் முழுமையாக மாறிவிடுகிறது. தனித்து 4 சதவீதம் உறிஞ்சிய ஆடி, பரிவில் அதைப்போலப் பன்மடங்கை உறிஞ்சக்கூடும். ஆகவே பயனுள்ள உறிஞ்சலையும் வீண் உறிஞ்சலையும் பிரித்தறியக் கணிப்பே நம்பகமான வழி.

உலோகத்தைத் தெரிவுசெய்யும்போது நாம் வாழும் இடத்தையும் கருத்திற்கொள்ள வேண்டும். கட்புல ஒளிக்கு வெள்ளியே மிகச் சிறந்த ஆடி. ஆனால் வளியிலுள்ள கந்தகச் சேர்வைகளால் அது கறுக்கிறது, கொழும்பின் ஈரப்பதன் அதை விரைவுபடுத்துகிறது. பூசிய வெள்ளியை ஈரமுறிஞ்சியுடன் மூடிய பெட்டியில் வைத்து, கூடிய விரைவில் அடுத்த படையால் மூடிவிடுங்கள். சற்றுத் தெறிப்பு குறைந்தாலும் பரவாயில்லை என்றால் அலுமினியம் மலிவானது, தன் மேற்பரப்பில் தானே காப்புப் படையை உருவாக்கிக்கொள்வது. பொன் 500 நானோமீற்றருக்குக் குறைந்த அலைநீளங்களில் தானே உறிஞ்சத் தொடங்குவதால், நீல ஒளியைப் பயன்படுத்தும் அமைப்புக்கு அது பொருந்தாது. எந்த உலோகமானாலும் 100 நானோமீற்றர் தடிப்பு இருந்தால் ஒளி பின்னால் கசியாது. கண்ணாடிமீது பொன் ஒட்டுவதற்கு இடையே சில நானோமீற்றர் குரோமியமோ தைத்தானியமோ தேவை.

பாதையை நீட்டும் சிதறல்

படலத்தின் தடிப்பு அலைநீளத்தை மிஞ்சியிருந்தால் வேறொரு வழி திறக்கிறது. மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறச் செய்தால், சாய்வாகச் செல்லும் கதிர்கள் முழுவுட்டெறிப்பால் உள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. சிலிக்கனிலிருந்து வெளியேறக்கூடிய கூம்பின் அரைக்கோணம் ஏறத்தாழ 16.6 பாகை மட்டுமே. எலி யாப்லோனோவிச் 1982 இல் காட்டியபடி, பின்புறம் நல்ல ஆடியுடன் முழுமையாகச் சிதறடிக்கும் படலமொன்றில், மெதுவாக உறிஞ்சப்படும் ஒளியின் சராசரிப் பாதை, முறிவுச் சுட்டியின் வர்க்கத்தின் நான்கு மடங்கால் பெருகும். சிலிக்கனுக்கு அது ஏறத்தாழ 50. ஏற்கெனவே ஒரு கடவையில் உறிஞ்சப்பட்டுவிடும் நீல ஒளிக்கு இதனால் ஆதாயமில்லை. அலைநீளத்தைவிட மெல்லிய படலங்களில் கதிர் என்ற கருத்தே பொருளிழப்பதால், 50 என்ற எண்ணை அப்படியே எடுத்தாளக் கூடாது. 2010 இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் ஷான்ஹூய் ஃபானும் அவருடைய சகாக்களும், நானோ அமைப்புகளில் ஒளி ஒடுங்கும் விதத்தைப் பொறுத்து இவ்வெல்லையைத் தாண்டவும் இயலும் என்று கோட்பாட்டளவில் காட்டியுள்ளனர்.

மேற்பரப்பைப் பெருக்குவது: கையால் செய்து பார்க்கக்கூடிய வழி

வெற்றிடப் பூச்சுக் கருவி இல்லாத இடத்தில் நான் பரிந்துரைப்பது இவ்வழியைத்தான். மைக்கேல் கிரேற்செல், பிரையன் ஓரீகன் இருவரும் 1991 இல் வெளியிட்ட சாயமூட்டிய சூரியக் கலம், உறிஞ்சும் படையை ஒரு மூலக்கூறு அளவுக்கு மெலிதாக்கி, அதைத் தாங்கும் மேற்பரப்பைப் பல நூறு மடங்காகப் பெருக்கியது. நம் நாட்டிலும் கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் தென்னக்கோனின் குழுவினர் 1990 களில் இத்துறையில் உலகம் கவனித்த பணிகளைச் செய்தனர். திரவ மின்பகுபொருளுக்குப் பதிலாகச் செப்பு அயடைட்டைப் பயன்படுத்திய திண்மக் கலமும், வெள்ளீய ஒட்சைட்டும் நாக ஒட்சைட்டும் கலந்த மின்வாயும் அவற்றுள் அடங்கும்.

எண்களைக் கணித்துப் பார்த்தால் இவ்வழியின் அழகு புலப்படும். ருத்தேனியச் சாய மூலக்கூறு ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு சதுர நானோமீற்றரைப் பிடிப்பதாகக் கொண்டால், ஒரு சதுர சென்ரிமீற்றர் தட்டையான பரப்பில் 100 இலட்சம் கோடி மூலக்கூறுகள் இருக்கும். இத்தகைய ஒற்றைப் படை தன்மீது விழும் பச்சை ஒளியில் ஏறத்தாழ அரைச் சதவீதத்தை மட்டுமே உறிஞ்சும். இப்போது ஏறத்தாழ 21 நானோமீற்றர் விட்டமுள்ள தைத்தானியம் ஈரொட்சைட்டுத் துணிக்கைகளை 10 மைக்கிரோமீற்றர் தடிப்பில் நுண்துளைகளுடன் படியச் செய்வோம். ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஏறத்தாழ 1.8 மில்லிகிராம் தூள் இருக்கும். கிராமுக்கு 50 சதுர மீற்றர் என்ற கணக்கில் அதன் உட்பரப்பு 900 சதுர சென்ரிமீற்றர். அரைச் சதவீதம் உறிஞ்சிய அதே ஒற்றைப் படை, 900 தடவை அடுக்கப்பட்டதற்கு ஒப்பாகி, 99 சதவீதத்தை உறிஞ்சிவிடுகிறது. சாயத்தில் பிறந்த இலத்திரனோ தைத்தானியம் ஈரொட்சைட்டுக்குள் புக ஒரு மூலக்கூறின் நீளத்தையே கடக்க வேண்டியிருக்கிறது.

செய்முறை இதுதான். புளோரின் கலந்த வெள்ளீய ஒட்சைட்டுப் பூசிய கடத்தும் கண்ணாடியை வாங்குங்கள். இந்தியம் கலந்த வகை சூடேற்றும்போது கடத்துதிறனை இழப்பதால் இவ்வேலைக்கு உகந்ததல்ல. எப்பக்கம் கடத்துகிறது என்பதைப் பல்மானியால் அறியலாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும் சாதாரண மானியே போதும், கடத்தும் பக்கம் சில பத்து ஓம் காட்டும். அப்பக்கத்தை மேலாக வைத்து, ஓரங்களில் ஒட்டுநாடாவை ஒட்டுங்கள்; நாடாவின் ஏறத்தாழ 50 மைக்கிரோமீற்றர் தடிப்பே ஈரப் பசையின் உயரத்தைத் தீர்மானிக்கிறது, அது காய்ந்து சுட்டதும் 10 மைக்கிரோமீற்றரைச் சுற்றி வந்து நிற்கும்.

6 கிராம் தைத்தானியம் ஈரொட்சைட்டு நானோத்தூளை உரலில் இட்டு, பீ.எச். 3 முதல் 4 வரையிலான ஐதான அசற்றிக் அமிலக் கரைசல் 9 மில்லிலீற்றரை ஒவ்வொரு மில்லிலீற்றராகச் சேர்த்து அரையுங்கள். ஒவ்வொரு தடவையும் கட்டிகள் முழுமையாகக் கரைந்த பின்னரே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் பின்னர் எவ்வளவு அரைத்தாலும் கட்டிகள் போகா. இறுதியில் நிறமற்ற பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியைச் சேர்த்து, நுரை எழாமல் மெதுவாகக் கலந்து, கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். உலர்ந்த நானோத்தூளைக் கையாளும்போது முகக்கவசம் அணிவது கட்டாயம்; தூள் நனைந்த பிறகு ஆபத்துக் குறைவு.

பசையில் சில துளிகளை மேல்விளிம்பில் இட்டு, கண்ணாடிக் கோலால் ஒரே வீச்சில் கீழ்நோக்கி இழுங்கள். ஓரிரு நிமிடம் காயவிட்டு நாடாவை அகற்றிய பின்னர் 450 பாகை செல்சியசில் அரை மணி நேரம் சுட வேண்டும். சூடேறும்போது வெண்படலம் முதலில் பழுப்பாகிப் பின்னர் மறுபடியும் வெண்மையாகும். சேதனப் பொருள்கள் எரிந்து நீங்கியதற்கு அதுவே அடையாளம். பழுப்பு மாறுமுன் எடுத்துவிட்டால் நுண்துளைகள் அடைபட்டே இருக்கும். சுட்டபின் மெதுவாக ஆறவிடுங்கள். திடீரென வெளியே எடுத்தால் கண்ணாடியோடு படலமும் வெடிக்கும்.

80 பாகையளவுக்கு ஆறியதும், இன்னும் சூடாக இருக்கும்போதே சாயத்தில் அமிழ்த்துங்கள். கொழும்பு வளியில் இதைத் தவறவிடக் கூடாது என்பேன்: முழுமையாகக் குளிர்ந்த படலம், சாயம் ஒட்ட வேண்டிய இடங்களில் வளியிலுள்ள நீராவியை ஏற்றுக்கொள்ளும். ருத்தேனியச் சாயம் விலை கூடியது. செயன்முறையைக் கற்பதற்கு நாவற்பழமே போதும். பழச்சதையைத் தோலுடன் நசுக்கி, சிறிது எதனோலும் ஒரு துளி அசற்றிக் அமிலமும் சேர்த்து, துணியால் வடித்துக்கொள்ளுங்கள். செவ்வரத்தம்பூ இதழ்களும் இவ்வாறே உதவும். அந்தோசயனின் எனும் நிறமி தைத்தானியத்துடன் வேதிப் பிணைப்பை ஏற்படுத்தும்போது சிவப்புச் சாறு படலத்தில் ஊதாவாக ஆழ்கிறது. கழுவியதும் போய்விடும் நிறம் பிணைப்பில்லாதது. கண்ணாடியைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். வெண்மை எங்காவது தெரிந்தால் இன்னும் ஊறவிட வேண்டும். எதிர்மின்வாயாக மற்றொரு கடத்தும் கண்ணாடியில் பென்சிலால் காரீயம் தேய்த்து, இடையே அயடைட்டு, மூவயடைட்டுக் கரைசலை விட்டால் கலம் நிறைவுபெறும். பழச்சாயக் கலங்களின் வினைத்திறன் பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கும். ஒளியுறிஞ்சலைப் பற்றி அது கற்பிப்பது அந்த எண்ணைவிட மிக அதிகம்.

படலத்தை மேலும் தடிப்பாக்கிக்கொண்டே போகாதீர்கள். இலத்திரன் கண்ணாடிவரை வரவேண்டிய தூரம் கூடுவதால், 10 முதல் 15 மைக்கிரோமீற்றருக்கு அப்பால் ஆதாயம் இழப்பாகத் தொடங்கும். அதைவிட, மேலே 400 நானோமீற்றரளவு பெரிய துணிக்கைகளால் ஆன சிதறற் படையொன்றைச் சேர்த்து, ஊடுகடந்துவிட்ட சிவப்பொளியைத் திருப்பி அனுப்புவது நல்லது.

வார்ப்புருவம் பொறித்த பரிவு அமைப்புகள்

சிறு தகடுகளையோ தூண்களையோ ஒழுங்கான அணியாகப் பொறித்து, ஒவ்வொன்றையும் ஒளிக்குப் பரிவுறச் செய்யும் முறையும் உண்டு. இலத்திரன் கற்றையால் பொறிக்கும் வசதி தேவைப்படுவதால் இதைச் சுருக்கமாகவே தொடுகிறேன். விதி எளியது: பரிவில் ஒளி உறிஞ்சப்படும் வீதமும் அது வெளியே கசியும் வீதமும் சமமானால், ஆடியால் பின்புறம் அடைக்கப்பட்ட அமைப்பு முழு ஒளியையும் உறிஞ்சும். ஒன்று மற்றதைவிட நான்கு மடங்கானாலும் உறிஞ்சல் 64 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தாய முறை இங்கே போதாது. மீப் போன்ற இலவசக் கணிப்பு மென்பொருளைப் பயன்படுத்துங்கள். 10 நானோமீற்றர் படலமொன்றை ஒரு நானோமீற்றருக்குக் குறையாத நுண்மையுடன் கட்டமிட்டு, கட்டத்தைப் பாதியாக்கியும் விடை மாறவில்லை என்பதை உறுதிப்படுத்தாமல் எந்த வரைபையும் நம்ப வேண்டாம்.

அளப்பதும் கொழும்பு வானின் கீழ் வைப்பதும்

சாதாரண நிறமாலைமானி நேராகச் செல்லும் ஒளியை மட்டுமே காண்கிறது. சொரசொரப்பான மாதிரியில் பக்கவாட்டில் சிதறிய ஒளி அனைத்தும் அதன் கணக்கில் உறிஞ்சலாகப் பதிவாகும். ஆகவே உட்புறம் வெண்மையான தொகையிடு கோளத்துடன் தெறிப்பையும் ஊடுகடத்தலையும் தனித்தனியே அளந்து, இரண்டையும் ஒன்றிலிருந்து கழியுங்கள். பின்னர், விழும் ஒளித்துகள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை இலத்திரன் வெளிச்சுற்றுக்கு வருகிறது என்பதை அதே அலைநீளங்களில் அளந்து, உறிஞ்சலால் வகுத்துப் பாருங்கள். உறிஞ்சல் 95 சதவீதமாகவும் இவ்வீதம் மிகக் குறைவாகவும் இருந்தால், ஒன்றில் ஒளி தவறான படையில் உறிஞ்சப்படுகிறது, அல்லது மின்னேற்றம் வழியில் அழிகிறது; படைவாரிக் கணிப்பு எது என்பதைச் சொல்லிவிடும்.

கோணத்தைப் பற்றிப் பலர் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். கொழும்பு வட அகலாங்கு 6.9 பாகையில் இருப்பதால், நண்பகற் சூரியன் ஆண்டு முழுவதும் உச்சியிலிருந்து ஏறத்தாழ 30 பாகைக்கு மேல் விலகுவதில்லை. மழைக்கால முகில்களின் கீழ் ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறதே என்று கேட்கலாம். முறிவுச் சுட்டி 4 உடைய படலத்துக்குள் அடிவானத்திலிருந்து வரும் கதிர்கூட 14.5 பாகைக்கு மேல் சாய்வதில்லை. பரிவு அலைநீளத்தில் அது ஏற்படுத்தும் மாற்றம் ஏறத்தாழ 3 சதவீதமே. காற்பங்கு இடைவெளியை வளியாலோ சிலிக்காவாலோ நிரப்பிய அமைப்புகளுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆதலால் திறந்த வானின் கீழ் வைக்கவிருப்பதாயின், உயர் முறிவுச் சுட்டியுள்ள மெல்லிய படலத்தை நேரடியாக ஆடிமீது பூசும் வடிவத்தையே தெரிவுசெய்யுங்கள்.

கடலிலிருந்து வரும் உப்புக்காற்றுக்கு எந்த நானோ படலத்தையும் மூடாமல் வைக்க முடியாது. மேலே பிசினும் கண்ணாடியும் வந்ததும் வெளி ஊடகத்தின் முறிவுச் சுட்டி 1 இலிருந்து ஏறத்தாழ 1.5 ஆகிவிடும், வளியில் மிகச் சரியாகப் பொருந்திய தடிப்பு அப்போது பொருந்தாது. சாயக் கலத்திலும் நுண்துளைகளை வளிக்குப் பதிலாக மின்பகுபொருள் நிரப்பும்போது சிதறல் குறைந்துவிடுகிறது. ஆகவே முதற் கணிப்பிலேயே மூடு கண்ணாடியையும் பிசினையும் படைகளாகச் சேர்த்து, அவற்றோடு வரும் விடைக்குரிய தடிப்பையே பூச்சுக் கருவியில் இடுங்கள்.